மேமின் பட்டியலை நம்பி ஸ்டியரிங் வாங்கலாமா?

"ஒரே ஸ்டியரிங்கை மாட்டினா பழைய ஆர்கேட் கார் கேம் எல்லாமே ஓடுமா?" கேபினெட் கட்டக் கிளம்புகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இது. ஓடும். ஆனால் பாதி கேமை ஓட்ட முடியாது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளத்தான் பட்டியல் வேண்டும். பழைய ஆர்கேட் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் மென்பொருளான மேம் எமுலேட்டரே ஒரு பட்டியல் தருகிறது. லிஸ்ட்எக்ஸ்எம்எல் கட்டளையைக் கொடுத்தால் எல்லாக் கேமும் ஒரே பெரிய கோப்பாகக் கொட்டும். அதை வைத்துக்கொண்டு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகுதான் இந்தப் பகிர்வு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கேமுக்கும் கன்ட்ரோல் வகை, குறைந்தபட்ச மதிப்பு, அதிகபட்ச மதிப்பு, சென்சிட்டிவிட்டி, திசை மாறியிருக்கிறதா என்பது வரை அதில் இருக்கிறது. இவ்வளவு கேமுக்கு இவ்வளவு விவரத்தை இலவசமாக வேறு எவரும் தரவில்லை. முக்கியமான பிரிவையும் அது சரியாகவே பிரிக்கிறது: 'டயல்' என்றால் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் 360 டிகிரி சக்கரம், 'பேடில்' என்றால் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும் சக்கரம். 1982இன் போல் பொசிஷன், 1986இன் சூப்பர் ஸ்பிரிண்ட் முதல் ரகம். உள்ளே இருப்பது துளை போட்ட ஒரு தட்டும், அது சுற்றுவதை ஒளியால் எண்ணும் ஆப்டிகல் சென்சாரும்தான். ஸ்பிரிங் கிடையாது, நடு என்று ஒன்றும் கிடையாது. அதே 1986இல் வந்த அவுட் ரன் இரண்டாம் ரகம், உள்ளே சக்கரம் நிற்கும் இடத்தை மின்தடையால் அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர்.

முட்டும் சக்கரத்தை டயல் கேமுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? சக்கரம் திரும்பியிருக்கும் அளவை எமுலேட்டர் 'சுற்றும் வேகம்' என்று எடுத்துக்கொள்ளும். சக்கரத்தை லேசாக இடப்பக்கம் பிடித்து வைத்தாலே சூப்பர் ஸ்பிரிண்டில் கார் பம்பரமாகச் சுற்றும். மறுபக்கம், 360 சக்கரத்தை மவுஸாக மாட்டி அவுட் ரன்னுக்குக் கொடுத்தால் மேமின் அமைப்பில் தானாக நடுவுக்கு வரும் வேகத்தை 0 ஆக்கியே தீர வேண்டும். அதன் பிறகும் ஒரு வில்லங்கம் உண்டு. மதிப்பு எல்லையில் நின்றுவிடும், கையிலிருக்கும் சக்கரம் நிற்காது. திருப்பி ஓட்டும்போது நடு வேறு இடத்துக்குப் போயிருக்கும். இரண்டு வளைவுக்கு ஒருமுறை இது நடந்தால் சக்கரத்தைப் பிடுங்கி எறியத் தோன்றும்.

பேடில் என்ற ஒரே சொல்லுக்குள் எதையெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 1983இன் ஸ்பை ஹன்டரில் இருப்பது கார் ஸ்டியரிங்கே இல்லை. விமானக் கைப்பிடி போன்ற யோக். துப்பாக்கி, ஏவுகணை, எண்ணெய், புகை, வேன் அழைக்க என்று ஐந்து பட்டன் அதன் மேலேயே இருக்கும். பட்டியலில் அதுவும் பேடில், அவுட் ரன்னும் பேடில். எத்தனை டிகிரி, நடுவுக்குத் திருப்புவது ஸ்பிரிங்கா மோட்டாரா என்று ஒரு வரி இல்லை. போல் பொசிஷனின் நின்று ஆடும் கேபினெட்டில் ஆக்சிலரேட்டர் மட்டும். உட்கார்ந்து ஆடுவதில்தான் பிரேக்கும் உண்டு. பட்டியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, இரண்டு பெடல் என்று போட்டுவிட்டுப் போய்விடும்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பழைய ஆபரேட்டர் மேனுவலைப் புரட்டி நாமே ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளலாம். கியரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவுட் ரன்னின் கியர் லீவர் லோ, ஹை என்று இரண்டு நிலை. தள்ளிய இடத்தில் அப்படியே நிற்கும். சேஸ் எச்.க்யூ.விலும் அதே இரண்டு நிலைதான். லீவர் தலையில் டர்போ பட்டன் கூடுதல். சான் ஃபிரான்சிஸ்கோ ரஷ்ஷில் கிளட்ச்சோடு நான்கு கியர். பட்டியலில் இவை எல்லாமே வெறும் 'பட்டன்' எண்ணிக்கைக்குள் கரைந்துவிடும். நிற்கும் லீவரா, தட்டினால் திரும்பி வரும் லீவரா என்று சொல்லவே சொல்லாது. கீபோர்டில் ஆடுகிறவர் வசதிக்காக இரண்டு நிலை கியரைப் பெரும்பாலும் டாகிள் ஆக்கி வைத்திருக்கிறார்கள்: ஒருமுறை அழுத்தினால் ஹை, மறுமுறை அழுத்தினால் லோ. அசல் லீவரை அதில் மாட்டினால் மைக்ரோ ஸ்விட்ச் மூடும்போது ஒரு அழுத்தம், கியர் மாறும். லீவரை இழுத்தால் ஸ்விட்ச் திறக்கும், கேமில் ஒன்றும் நடக்காது. லீவர் லோவில், கார் ஹையில். ஆக ஒரு கியர் மாற்ற லீவரை இரண்டு முறை ஆட்ட வேண்டும்.

தீர்வு இருக்கிறது. அந்த கேமில் கியருக்கு வேறு பட்டனை ஒதுக்கிவிட்டு வெளியே வாருங்கள். அப்போதுதான் அந்த கேமின் அமைப்புகளை மேம் சேமிக்கும் சிஎஃப்ஜி கோப்பில் அந்த வரியே உருவாகும். மேமை மூடிய பிறகு அந்த போர்ட் வரியில் டாகிள் மதிப்பை 'நோ' என்று எழுதிச் சேமியுங்கள். மேம் திறந்திருக்கும்போது திருத்தினால் மூடும்போது அதுவே அழித்து எழுதிவிடும். கியர் தலைகீழாக வந்தால் மென்பொருளைத் தொடாதீர்கள். ஸ்விட்ச்சின் என்ஓ (அழுத்தாதபோது திறந்திருக்கும்) முனையிலிருந்து வயரைக் கழற்றி என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) முனைக்கு மாற்றுங்கள், அரை நிமிட வேலை. இன்னொரு வழி, ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டை வைத்து லீவர் எந்தப் பக்கம் போனாலும் 50 மில்லிசெகண்ட் துடிப்பு ஒன்று அனுப்பச் செய்வது. கேமின் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் ஒரு படம், சுமார் 16.7 மில்லிசெகண்ட், அதைவிடக் குறுகிய துடிப்பு அடிக்கடி தவறிப்போகும். ஆனால் இந்த வழியில் கேம் தொடங்கும்போது லீவர் ஹையில் இருந்தால் கடைசிவரை தலைகீழ்தான். முதல் வழியே மேல்.

போகிற போக்கில்: மேமின் அமைப்பில் உள்ள டெட்ஸோன், சாச்சுரேஷன் இரண்டும் ஜாய்ஸ்டிக்குக்கு ஏற்ப வைத்த அளவுகள். 270 டிகிரி சக்கரத்தில் டெட்ஸோன் 0.15 என்றால் நடுவில் பக்கத்துக்கு 20 டிகிரி செத்த இடம். சாச்சுரேஷன் 0.85 என்றால் 115 டிகிரியிலேயே முழுத் திருப்பம் வந்துவிடும். முதலாவதை 0, இரண்டாவதை 1 ஆக்குங்கள். ஸ்டியரிங் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நோய்.

270, 360, ஹை-லோ கியர் என்றெல்லாம் பிரித்து எழுத கன்ட்ரோல்ஸ் டேட் என்று ஒரு கோப்பு வந்தது. அருமையான வேலை, ஆனால் பிறகு வளரவில்லை. ஆகவே நானே வைத்திருக்கும் அட்டவணையில் ரோம் (கேம் கோப்பு) பெயர், கேபினெட் வகை, சக்கரம் முட்டுமா, சென்சார், நடுவுக்கு எப்படித் திரும்புகிறது, பெடல் எத்தனை, கியர் நிற்குமா திரும்புமா, வேறு விசேஷம் என்று எட்டுப் பத்தி. கடைசிப் பத்தி தேவையா என்பவர்களுக்கு: 1989இன் ஹார்ட் டிரைவினில் ஆட்டம் தொடங்கச் சாவியைத் திருப்ப வேண்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு, மேமின் பட்டியல் வேண்டாமா என்று கேட்டால், அது இல்லாமல் என் அட்டவணையின் முதல் இரண்டு வரியைக்கூட நிரப்பியிருக்க முடியாது. மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு. அதை மட்டும் பார்த்து ஸ்டியரிங் வாங்கப் போகிறீர்களா? வாங்காதீர்கள். கியர் லீவரோ, கட்டாயம் வேண்டாம்.