ஏழு பேர் குடும்பத்துக்கு முதல் டிராவல் டிரெய்லர்: பங்க்ஹவுஸ் வகை எப்படி?

கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து சில மாதங்கள் தங்க வந்திருக்கும் தாத்தா, பாட்டி என ஏழு பேர் கொண்ட குடும்பம் அமெரிக்காவில் முதன்முதலாக டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு, வாங்கக் கிளம்பினால், விற்பனையாளர் நேராக அழைத்துச் செல்வது பங்க்ஹவுஸ் வகை வண்டிக்குத்தான். முன்பக்கம் குயீன் கட்டில் போட்ட அறை, நடுவில் சமையலறையும் சாப்பாட்டு மேசையும், பின்பக்கம் மேலும் கீழுமாக அடுக்குப் படுக்கைகள் என்பதே இதன் பொதுவான அமைப்பு. ஜேகோவின் ஜே ஃபிளைட், கிராண்ட் டிசைனின் இமேஜின் உட்படப் பெயர் தெரிந்த வரிசைகள் பலவும் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. உள்ளமைப்பிலும் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, எந்த நிறுவனம் என்பதைவிட எந்த அளவு, எந்த எடை என்பதே முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

விளம்பரத் தாளில் "பத்துப் பேர் உறங்கலாம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மேசையை மடக்கிப் படுக்கையாக்குவதையும் சோபாவை விரிப்பதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. பெரிய குடும்பத்துக்கு உண்மையான எல்லையை விதிப்பது டிரெய்லரின் படுக்கை எண்ணிக்கை அன்று. இழுக்கும் வண்டியின் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சிறிய வில்லை. ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். ஓடும் டிரெய்லருக்குள் ஆட்கள் அமர்ந்து செல்வதைப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிப்பதில்லை என்பதால், ஏழு பேரும் முன்வண்டியில்தான் ஏற வேண்டும். பிக்கப் டிரக்கில் அதிகபட்சம் ஆறு இருக்கைகளே இருப்பதால், சபர்பன், எக்ஸ்பெடிஷன் போன்ற மூன்று வரிசை வண்டியோ பெரிய வேனோ தேவைப்படுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வில்லையில் 1,600 பவுண்டு என்று இருப்பதாகக் கொள்வோம். நான்கு பெரியவர்களும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஏறத்தாழ 860 பவுண்டு வந்துவிடுவார்கள். மீதி 740. டிரெய்லர் ஆடாமல் வர வேண்டுமானால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, அதை முன்வண்டியோடு பூட்டும் இணைப்பான ஹிட்சின் மீது இறங்க வேண்டும். அந்த எடையும் வில்லையின் கணக்கில்தான் சேரும். 7,000 பவுண்டு டிரெய்லருக்கு 12 விழுக்காடு என்று வைத்தாலே 840 ஆகிறது. ஒரு பெட்டிகூட ஏற்றாத நிலையிலேயே எல்லை தாண்டிவிட்டது. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்சின் சொந்த எடையையும் சேர்த்தால், சாமான்களோடு 5,500 பவுண்டுக்குள் அடங்கும் டிரெய்லர்தான் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும். "இந்த வண்டி 8,000 பவுண்டு இழுக்கும்" என்று விற்பனையாளர் சொல்வது பொய்யன்று, ஆனால் அந்த எண் ஏழு பேரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டதன்று. விளம்பரத் தாளில் உள்ள ஹிட்ச் எடையும் காலி வண்டிக்கானது. எரிவாயு உருளைகளும் மின்கலமும் முன்பக்கத்தில்தான் அமர்கின்றன என்பதால் உண்மையான எடை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த எடைக்குள் தேடும்போது வண்டியை நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே நீண்டு உள்ளிடத்தை அகலமாக்கும் ஸ்லைடு அவுட்டைத் துறக்க நேரிடலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஸ்லைடு உள்ள வண்டி என்றால், அதை மூடிய நிலையில் உள்ளே ஏறிக் கழிப்பறைக்கும் குளிர்பெட்டிக்கும் போக முடிகிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பாட்டிக்கு அவசரம் என்றால், நிறுத்துமிடத்தில் ஸ்லைடை நீட்ட இடம் கிடைக்காது. இருபுறமும் இறங்கக்கூடிய முன்னறைக் கட்டிலைத் தாத்தா பாட்டிக்கு விட்டுவிட்டு, பெற்றோர் மேசைப் படுக்கைக்கு மாறுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். மேல் அடுக்கில் யார் படுக்கலாம் என்பதை அங்கு குறித்திருக்கும் எடை வரம்பைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

நம் சமையலுக்கு இந்த வண்டிகளில் மிகவும் பயன்படுவது வெளிப்புறச் சமையல் மேடை. கடுகு, மிளகாய் தாளிக்கும் நெடி உள்ளே சிறிய இடத்தில் மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறிவிட்டால் எளிதில் போகாது.  மின்சாரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும்: முகாமிடத்தின் 30 ஆம்பியர் இணைப்பு கொடுப்பது 3,600 வாட். குளிர்சாதனம் ஓடும்போது மைக்ரோவேவும் மிக்சியும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். சட்னியை வீட்டிலேயே அரைத்துக் கிளம்புவது உத்தமம். ஏழு பேரின் பாத்திரம் கழுவும் நீர், கழிவுநீர்த் தொட்டியை எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரப்பும் என்பதால், கழிவுநீர்க் குழாய் வசதி உள்ள முகாமிடமாகப் பார்த்து முன்பதிவு செய்வது நல்லது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு முகாமிடத்துக்குக் குழந்தைகள் உட்பட ஆறு பேர்தான் அனுமதி. ஏழாவது ஆளுக்காக இரண்டாம் இடமும் எடுக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதானால், கூரையின் ஓரங்களில் பூசிய அடைப்புப் பசையில் வெடிப்பு உள்ளதா என்றும், மூலைகளில் தரை மிதித்தால் அமுங்குகிறதா என்றும் பார்த்தால் நீர்க்கசிவு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். டயரில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வாங்கிய பின் குடும்பத்தோடும் சாமான்களோடும் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தின் எடைமேடையில் ஒருமுறை ஏற்றி, ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, முன்வண்டியின் கதவோரத்தில் அச்சு எடை வரம்பு அச்சிட்ட வில்லையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நீண்ட பயணத்துக்குக் கிளம்ப வேண்டும்.