வண்ணத்துப்பூச்சி அட்டை: 850 ரூபாய்க்குப் பெறுமதியா?

படத்தைப் பார்த்து வண்ணத்துப்பூச்சி இனங்களை அடையாளம் காணும் அட்டை இது, கொழும்பில் ஒரு புத்தகக் கடையில் வாங்கியது. விசிறி மாதிரி மடிக்கலாம். லேமினேட் செய்திருப்பதால் மழையில் நனைந்தாலும் துடைத்துப் பையில் போடலாம். இலங்கையில் 240க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, அட்டையில் 60தான். அது பரவாயில்லை, நகரத்தில் கண்ணில் படுபவை அநேகமாக இருக்கின்றன. பெயர்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழுக்கு மட்டும் இடம் போதவில்லை போலும்.

என் குறை வேறு. வெள்ளவத்தையில் நாலாம் மாடி பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சாடி வைத்திருக்கிறோம். கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டுமாக ஒன்று அதையே சுற்றிச் சுற்றி வந்தது. மகள் அட்டையை விரித்து, "அப்பா, காமன் ரோஸ்!" என்றாள். படமும் அச்சு அசல் அதேதான். ஆனால் வந்தது தளிரில் வயிற்றை வளைத்து முட்டை இட்டது. அங்கேதான் இடித்தது. ரோஸின் புழு ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத்தான் தின்னும், கறிவேப்பிலைக்கு வராது. உடம்பைப் பார்த்தோம்: கறுப்பு. ரோஸ் என்றால் உடம்பே சிவந்திருக்கும்.

வந்தது காமன் மோர்மன் என்ற வேறோர் இனத்தின் பெண். கொடியிலிருந்து ஏறிய நஞ்சு ரோஸின் உடம்பில் இருப்பதால் குருவிகள் அதை விட்டுவிடும். மோர்மன் பெண் நஞ்சில்லாமலே அந்த வேஷத்தைப் போட்டுத் தப்பிக்கிறது. மோர்மன் பெண்ணுக்கு மூன்று உருவங்கள் உண்டு. அட்டையில் ஒன்றுகூட இல்லை, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு ஆண் மட்டும். எது எந்தச் செடியில் வளரும் என்றும் ஒரு சொல் இல்லை.

அப்புறம் புழுக்கள் வந்தன. முதலில் காக்கை எச்சம் போல, பிறகு நல்ல பச்சை. கறிக்கு இலை பறிக்கப் போன அம்மா ஒன்றைத் தொட்டுவிட்டார். அது தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கொம்பை நீட்டி நாற்றம் விட, அன்றைய பருப்பு கறிவேப்பிலை இல்லாமலே இறங்கியது.

ஒரு ஞாயிறு அட்டையைக் கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கொண்டுபோனோம். வெயிலில் போன் திரை தெரியாதபோது அட்டைதான் கைகொடுத்தது. அங்கே ஒரு நிஜ ரோஸ் அவசரமே இல்லாமல் மிதந்து போனது, உடம்பு சிவப்பு.

பிள்ளைகள் இருந்தால் வாங்கலாம், 850 கொஞ்சம் கூடத்தான். எங்கள் அட்டையில் ரோஸ் படத்துக்குப் பக்கத்தில் மகள் மார்க்கரால் "உடம்பைப் பார்" என்று தமிழில் எழுதியிருக்கிறாள். இரண்டு மழைக்கு அழியவில்லை.