கம்பத்துல நடக்குற ஞாயித்துக்கிழமை எக்கனாமிக்ஸ் வகுப்பு: காசு குடுத்துப் போலாமா?

முதல்லயே சொல்லிர்றேன், போலாம். ஆனா எதுக்குப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. வணிகம், ஒப்பீட்டு நன்மை, பரிமாற்றத்தால என்ன லாபம்னு சொல்ற முதல் பாதிய இந்த சார் மாதிரி நடத்தி நான் கேட்டதே இல்ல. ரெண்டாவது பாதி நுகர்வோர் தேர்வு, சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு திருப்தி தர்ற பொருள் சேர்க்கைகளக் காட்டுற கோடு), விலைக் கோடு (கையில இருக்குற காசுக்கு என்னென்ன வாங்கலாம்னு காட்டுற கோடு), அது பூராம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற மாதிரி தான் போச்சு, அந்தப் பாதிக்கு ஒரு கைடு வாங்கி வீட்ல படிச்சுக்கிட்டாலே போதும்னு தோணுச்சு.

வகுப்பு யாருக்குன்னா, தொலைதூரக் கல்வியில பி.ஏ, பி.காம் படிக்கிறவங்க, டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகுறவங்க, பிளஸ் டூ பசங்க கொஞ்சப் பேரு. மலைக்கு மேல கேரளாவுல இருக்குற குமுளியிலருந்தும் மலையாளப் பிள்ளைக வருதுக, அதுகளுக்காக சார் நடுநடுவுல மலையாளத்துலயும் ரெண்டு வரி சொல்லுவாப்ல. நான் மண்டியில கணக்கு எழுதுறவன், திராட்சையும் காய்கறியும் லாரி ஏறி மலைக்கு மேல போறதத் தெனமும் பாக்குறவன், அதனால வியாபாரத்தப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லன்னு ஒரு நெனப்போட தான் உள்ள போயி உக்காந்தேன்.

சார் ஆரம்பிச்சதே ரிக்கார்டோவுல தான். டேவிட் ரிக்கார்டோங்கிற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1817ல எழுதின கணக்கு, இங்கிலாந்து, போர்ச்சுக்கல், துணி, ஒயின். ஒரு வருசத்துக்குத் துணி நெய்ய இங்கிலாந்துல 100 ஆளு, ஒயின் பண்ண 120 ஆளு வேணும், போர்ச்சுக்கல்ல துணிக்கு 90, ஒயினுக்கு 80 போதும். ரெண்டுலயும் போர்ச்சுக்கல் தான் கெட்டி. அப்புறம் எதுக்கு அவன் இங்கிலாந்துட்ட துணி வாங்கணும்? இந்தக் கேள்விய போர்டுல எழுதிட்டு ஒரு அஞ்சு நிமிசம் சும்மா நின்னாப்ல, யாராச்சும் சொல்லுங்கன்னு. முன்னாடி பெஞ்சுப் பையன் ஒருத்தன் "நம்ம திராட்சை அங்க போறதும் அங்கருந்து ஏலக்காய் வர்றதும் மாதிரி தானே சார்"ன்னான். அங்க தான் சார் பிடிச்சாப்ல பாருங்க, "அது ஈசியான கேசுப்பா, ஏலக்காய்க்கு மலை உசரமும் மர நெழலும் வேணும், நம்ம கம்பம் பள்ளத்தாக்குல வெளையாது, பன்னீர் திராட்சை மேல வெளையாது, ஒருத்தன்ட்ட இல்லாதத இன்னொருத்தன்ட்ட வாங்குறத யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், ரெண்டையுமே நீயே நல்லா பண்ணத் தெரிஞ்சிருந்தும் ஏன் வாங்குற, அத சொல்லு"ன்னு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நானும் அதே பதிலைத் தான் மனசுக்குள்ள வச்சிருந்தேன்.

அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதிலா முறுக்கு, சிப்ஸ் கணக்கு. இத அப்படியே எழுதுறேன், வகுப்போட தரம் இதுலயே தெரியும். குமுளியில ஒரு சேச்சி, ஒரு நாளைக்கு 30 கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் போடுவாங்க, இல்ல 30 கிலோ முறுக்கு சுடுவாங்க. கூடலூர்ல ஒரு அக்கா, அவங்களால 10 கிலோ சிப்ஸ், இல்ல 20 கிலோ முறுக்கு. எதுல பாத்தாலும் சேச்சி தான் மேல. ஆனா சேச்சி 1 கிலோ முறுக்கு சுடணும்னா 1 கிலோ சிப்ஸ விட்டுக்குடுக்கணும், அக்காவுக்கு 1 கிலோ முறுக்குக்கு அரைக் கிலோ சிப்ஸ் தான் போகுது. விட்டுக்குடுக்குற அளவு தான் உண்மையான செலவு, புஸ்தகத்துல வாய்ப்புச் செலவுன்னு போட்டிருப்பாங்க, அந்தச் செலவு முறுக்குல அக்காவுக்குக் கம்மி, சிப்ஸுல சேச்சிக்குக் கம்மி. யாருக்கு எதுல அந்தச் செலவு கம்மியோ, அவங்களுக்கு அதுல தான் ஒப்பீட்டு நன்மை. சேச்சி ரெண்டுலயும் கெட்டியா இருக்கலாம், ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒப்பீட்டு நன்மை வச்சிருக்க முடியாது. இதச் சொன்னப்போ பக்கத்துல இருந்த அண்ணன் ஒருத்தர் "அட"ன்னு சத்தமாவே சொல்லிட்டாரு.

இப்ப அக்கா முறுக்கு மட்டும் சுடுறாங்க, 20 கிலோ. அதுல 8 கிலோவ சேச்சிட்ட குடுத்து, 4 கிலோ முறுக்குக்கு 3 கிலோ சிப்ஸ்ங்கிற கணக்குல 6 கிலோ சிப்ஸ் வாங்குறாங்க. மிச்சம் 12 கிலோ முறுக்கு, 6 கிலோ சிப்ஸ். அக்கா தானே எல்லாத்தையும் பண்ணியிருந்தா அதே 12 கிலோ முறுக்கோட 4 கிலோ சிப்ஸ் தான் கெடச்சிருக்கும். 2 கிலோ லாபம். சேச்சி அந்த 8 கிலோ முறுக்க வீட்லயே சுட்டிருந்தா 8 கிலோ சிப்ஸ் போயிருக்கும், இப்ப 6 தான் போச்சு, அவங்களுக்கும் 2 கிலோ. யாரும் கூட நேரம் உழைக்கல, யாரும் யாரையும் ஏமாத்தல, 4 கிலோ புதுசா வந்துருச்சு. எவ்வளவு வருசமா லாரி ஏத்துறேன், இந்த 4 கிலோ எங்கருந்து வருதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல.

இதுக்கு அப்புறம் சார் ஊரு விசயத்துக்கு வந்தாப்ல. விடியுறதுக்கு முன்னாடியே கம்பம், கூடலூர், போடி பக்கத்துலருந்து ஜீப் ஜீப்பா ஆள் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகுதே, அது வேலைய ஏத்துமதி பண்றது தான், கேரளாவுல கூலி கூட, இங்க ஆளு கூட. ஏலக்காய் மேல வெளையுது, ஸ்பைசஸ் போர்டு ஏலம் புத்தடியிலயும் நடக்குது நம்ம போடியிலயும் நடக்குது, பறிக்கிற கையி நம்ம ஆளு கையி. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்சினையில குமுளி ரோடு அடைஞ்சப்பவும், 2020 லாக்டவுன்ல எல்லையப் பூட்டினப்பவும் என்னாச்சுன்னு கேட்டாப்ல. மேல காய் எடுக்க ஆளில்ல, கீழ ஆளுக்கு வேலையில்ல, காய்கறி லாரி போக வழியில்ல. வணிகத்தோட லாபம் எவ்வளவுன்னு தெரியணும்னா அது நின்னு போற அன்னைக்குப் பாருங்கன்னாப்ல. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ல வந்தப்ப வரிச் செக்போஸ்ட எடுத்தாங்கல்ல, அதையும் இதே கணக்குல போட்டுக் காட்டினாப்ல: லாரி கியூவுல நிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த 4 கிலோவுலருந்து கிள்ளி எடுக்குறது தான், ரெம்பக் கிள்ளினா அக்காவும் சேச்சியும் அவங்கவங்க வீட்லயே சுட்டுக்குவாங்க. இந்தப் பகுதிக்கு மட்டும் குடுத்த பீஸு செமிச்சிருச்சு.

குறைன்னு பாத்தா, அந்த 4 கிலோவ யாரு எவ்வளவு எடுத்துக்குறாங்கங்கிறத சார் ஓட்டிட்டாப்ல. 1 கிலோ முறுக்குக்கு வெல அரைக் கிலோ சிப்ஸுக்கும் 1 கிலோ சிப்ஸுக்கும் நடுவுல எங்க வேணா நிக்கலாம். சேச்சிக்குப் பேரம் பேசுற பலம் கூட இருந்து 8 கிலோ முறுக்குக்கு 4.4 கிலோ சிப்ஸ் தான் தருவேன்னு நின்னா, அக்காவுக்கு லாபம் 0.4 கிலோ, சேச்சிக்கு 3.6. ரெண்டு பேருக்கும் லாபம் தான், பாடம் பொய் சொல்லல, ஆனா மண்டியில உக்காந்து பாக்குறவனுக்கு இது தான் முக்கியமான கேள்வி. சீசன்ல ஒரே நேரத்துல திராட்சை வந்து குமியுறப்ப வெல யாரு கையில இருக்குன்னு எங்க ஊர் விவசாயிட்ட கேளுங்க.

குமுளிப் பிள்ளை ஒண்ணு இன்னொரு நல்ல கேள்வி கேட்டுச்சு. வீட்ல குறுமொளகு கொடி வச்சிருக்காங்களாம், இறக்குமதி மொளகு வந்தா எங்க வெல எறங்குதே சார், அப்ப எங்களுக்கு என்ன லாபம்னு. சார் "நாட்டுக்கு மொத்தமாப் பாத்தா லாபம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிட்டாப்ல. அங்க நின்னுருக்கணும். மொளகு வெல எறங்குனா சாம்பார் வைக்கிறவனுக்கு லாபம், கொடி வச்சிருக்கவனுக்கு நட்டம், லாபம் நட்டத்த விடப் பெருசுன்னு தான் கணக்கு சொல்லுது, லாபம் வந்தவன் நட்டப்பட்டவனுக்குக் குடுப்பான்னு அந்தக் கணக்குல எங்கயும் இல்ல. தென்கிழக்கு ஆசிய நாடுகளோட இறக்குமதி வரியக் கொறைக்கிற ஆசியான் ஒப்பந்தம் 2009ல கையெழுத்தானப்ப கேரளாவுல அவ்வளவு எதிர்ப்பு ஏன் வந்துச்சுன்னு அந்த இடத்துல பத்து நிமிசம் பேசியிருந்தா அந்தப் பிள்ளை வாழ்நாள் பூராம் மறந்திருக்காது.

சரி, ரெண்டாவது பாதி. சமநோக்கு வளைகோடு மூணு கலர் சாக்பீஸ்ல அழகா வரைஞ்சாப்ல, அது விலைக் கோட்டத் தொடுற புள்ளி தான் சமநிலை, எழுதிக்கங்க, அஞ்சு மார்க்கு. ஏன் அங்க தொடணும்? சொல்லல. சொல்றதுக்கு ரெம்ப நேரமும் ஆகாது. கையில 480 ரூபா, திராட்சை கிலோ 60, நேந்திரம்பழம் கிலோ 40ன்னு வச்சுக்கங்க. பூராத்துக்கும் திராட்சைன்னா 8 கிலோ, பூராத்துக்கும் பழம்னா 12 கிலோ. 1 கிலோ திராட்சை கூட வேணும்னா சந்தை உங்கட்ட 1.5 கிலோ பழத்தக் கேக்குது, விலைக் கோட்டோட சாய்வுன்னு சொல்றது இத தான். உங்க மனசு 2 கிலோ பழத்த விட்டுக்குடுக்கத் தயாரா இருந்தா இன்னும் கொஞ்சம் திராட்சை வாங்குங்க, வாங்க வாங்கத் திராட்சை மேல ஆசை கொறையும், மனசு கேக்குறதும் சந்தை கேக்குறதும் ஒண்ணா ஆகுற எடத்துல நிப்பாட்டுவீங்க. தொடுற புள்ளின்னா அவ்வளவு தான்.

எனக்குப் பெரிய வருத்தமே இது தான்: முதல் பாதியில அவ்வளவு உசுரோட சொன்ன வாய்ப்புச் செலவு தான் ரெண்டாவது பாதியில சாய்வுன்னு பேர மாத்திக்கிட்டு வந்து நிக்குது, ரெண்டும் ஒண்ணுன்னு சார் ஒரு வார்த்த சொல்லல. கூடலூர் அக்காவையே எடுத்துக்கங்க. தனியா இருந்தா 20 முறுக்குக்கும் 10 சிப்ஸுக்கும் நடுவுல ஒரு கோடு. சேச்சியோட 4க்கு 3ன்னு பேசி முடிச்சதும் அந்தக் கோடு 20 முறுக்குக்கும் 15 சிப்ஸுக்கும் நடுவுல போயிருது, அக்காவோட விலைக் கோடு வெளிய தள்ளிருச்சு, கையில ஒத்த ரூபா கூடாம. அந்தப் புதுக் கோட்டுல எந்த எடத்துல நிக்கணும்ங்கிறது அக்கா வீட்ல யாருக்கு முறுக்குப் பிடிக்கும் யாருக்கு சிப்ஸ் பிடிக்கும்ங்கிறதப் பொறுத்தது, அதான் நுகர்வோர் தேர்வு. இத ஒரே படத்துல வரைஞ்சிருந்தா ரெண்டு பாதியும் ஒட்டியிருக்கும்.

கிஃபன் பொருளுக்கு (வெல ஏறுனா கூட வாங்குறதும் வெல எறங்குனா கொறைச்சு வாங்குறதுமான பொருள்) ஒரு மணி நேரம், அதுவும் அயர்லாந்து உருளைக்கிழங்குக் கதையே திரும்பத் திரும்ப. அந்தக் கதைக்கு ஆதாரம் சரியில்லன்னு பல பேரு சொல்லியாச்சு. சீனாவுல ஹூனான்ல ஏழைக் குடும்பங்களுக்கு அரிசிக்கு மானியம் குடுத்துப் பாத்து, வெல கொறைஞ்சும் அரிசி வாங்குறது கொறைஞ்சதுன்னு ஜென்சன், மில்லர்னு ரெண்டு பேரு 2008ல எழுதியிருக்காங்க, அதச் சொல்லியிருக்கலாம். லாட்டரி பத்தி ஒருத்தர் கேட்டதுக்கும் (தமிழ்நாட்டுல 2003லயே நிப்பாட்டிட்டாங்க, குமுளி போனா கடை கடையாத் தொங்குது, இங்கருந்து போயி வாங்குறவங்க எம்புட்டுப் பேரு) நுகர்வோர் பகுத்தறிவு உள்ளவர்னு அனுமானம்னு சொல்லி முடிச்சுட்டாப்ல. வகுப்பே சிரிச்சிருச்சு.

மத்தபடி பீஸு மாசம் 800 ரூபா, நோட்ஸ் ஜெராக்ஸ் தனி. டவுட்டு கேட்டா சலிச்சுக்க மாட்டாப்ல, வகுப்பு முடிஞ்சு டீக்கடையில கேட்டா இன்னும் நல்லாவே சொல்லுவாப்ல, சாய்வு விசயத்தக் கூட அங்க வச்சுக் கேட்டப்ப "அட, அது ஒண்ணு தானய்யா"ன்னு ஒத்துக்கிட்டாப்ல, அத போர்டுல சொன்னா என்னன்னு கேட்டதுக்கு சிலபஸ் முடியணும்லன்னாப்ல. குமுளியிலருந்து வர்றவங்க லோயர் கேம்ப் மலை ரோடு லேட்டாகும்னு பாத்துக் கெளம்புங்க, முதல் அரை மணி தான் வகுப்போட உசுரே. மாடி ரூம்ல ஃபேன் ஒண்ணு தான், ஜன்னல் ஓர பெஞ்சு சீக்கிரம் நெறைஞ்சிரும். வணிகப் பாடம் முடிஞ்சதும் நின்னுக்கிற மாதிரி ஒரு மாசத்துக்கு மட்டும் காசு கட்டலாமான்னு கேட்டேன், தாராளமாக் கட்டலாம்னு சொன்னாங்க.