வலது இருக்கையில் இளம் பிள்ளை: டர்பன் – ஜோகன்னஸ்பர்க் பயணிகளுக்கு ஒரு மதிப்பீடு

டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஜோகன்னஸ்பர்க் விமானத்தில் ஏறும்போது காக்பிட் கதவு திறந்திருந்தால், துணை விமானி உட்காரும் வலது இருக்கையில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை தெரியும். "இந்தச் சின்னப் பையனா ஓட்டப் போறான்?" என்று டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்கள் கவலைப்படுவது நியாயமே. ஆனால் கேடட் பயிற்சியில், அதாவது விமான நிறுவனம் புதியவரைத் தேர்ந்தெடுத்துத் தொடக்கத்திலிருந்து பயிற்றுவிக்கும் வழியில், ஒவ்வொரு படியிலும் சோதிக்கப்பட்டு வந்தவர் அந்த இருக்கைக்குத் தகுதியானவர். தயங்க வேண்டியது வயதைப் பார்த்தல்ல. அவர் வந்த வழியைப் பார்த்து.

தென்னாப்பிரிக்காவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 பறப்பு மணி. கேப்டனுக்குத் தேவையான உயர் உரிமத்துக்கு 1,500. இந்த இடைவெளியைக் காட்டித்தான் "அனுபவம் போதாது" என்கிறார்கள். ஆனால் மணிக்கணக்கு மட்டும் காப்பாற்றாது. 2009-இல் அமெரிக்காவில் விழுந்த கோல்கன் நிறுவன விமானத்தின் இரு விமானிகளுக்கும் 1,500-க்கு மேல் மணி இருந்தது. 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 உயிர் போனபோது, அனுமதியில்லாமல் புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடங்கிய டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டவர் அவரோடு காக்பிட்டில் இருந்த விமானப் பொறியாளர். அந்தக் கேள்வி ஏற்கப்படவில்லை. எனவே இளம் துணை விமானிக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் வாய் திறப்பது. கேப்டன் "எல்லாம் சரி" என்றாலும் "கோ அரவுண்ட்" (இறங்காமல் மீண்டும் மேலே ஏறு) என்று உரக்கச் சொல்லும் துணிவு வேண்டும். நம் வீடுகளில் பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தனியாகவே பழக்க வேண்டிய திறமை.

நம் ஊர் வானம் இன்னொரு தேர்வு. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் 5,558 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் அங்கே காற்று 8,600 அடிக்கு மேலுள்ளதைப் போல மெலிந்துவிடும். கருவி 140 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காட்டும்போது உண்மை வேகம் 159 நாட் அளவில் இருக்கும். டர்பனில் அதே 140-க்கு ஏறத்தாழ 143. வேகம் கூடுவதால் அதே மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும் வேகமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 760 அடியிலிருந்து 845 அடியாகிறது. டர்பன் பழக்கத்தில் மூக்கைத் தூக்கினால் தாமதமாகிவிடும்; தரை அறைந்து இறங்கும். சிமுலேட்டரில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குக் கை தானாக முந்திக்கொள்ளும். கேப் டவுனில் தென்கிழக்குக் காற்று குறுக்கே அடிக்கும் நாளில் புதிய துணை விமானிக்குக் காற்று வரம்பைக் குறைத்து வைக்கும் நிறுவனம் பொறுப்பானது. அன்று கேப்டனே இறக்குவார்.

பயணிக்குத் தெரியாத பகுதி இதுதான்: வகுப்பு, சிமுலேட்டர், எஞ்சின் நின்றுபோன நிலையில் சோதனை, காலி விமானத்தில் இறக்கிப் பழகுவது, அப்புறம் பயிற்சிக் கேப்டன் பக்கத்தில் இருக்க நிஜப் பயணிகளோடு பல பறப்புகள். தேறாதவர் அங்கேயே நிறுத்தப்படுவார். தேறியவரும் ஆறு மாதத்துக்கொருமுறை சிமுலேட்டர் சோதனைக்குப் போகிறார், தலைநரைத்த கேப்டனைப் போலவே.

மதிப்பெண் குறைவது பணம் கட்டி வாங்கும் வழிக்கு. வேலை உறுதியில்லாமல் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) முடித்து, பல மாதம் வீட்டில் இருந்தால் கை மறந்துவிடும். சோதனையின் செல்லுபடிக் காலமும் தாண்டிப்போகும், மீண்டும் செலவு. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதல் கட்டணத்துக்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள்: நிறப்பார்வை, காது, இதயம். பிறகு விமானப் பயிற்சிப் பள்ளியிடம் கேளுங்கள்: எத்தனை விமானம் இப்போது பறக்கும் நிலையில் இருக்கிறது? ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி கிடைக்கிறது? இடையில் நின்றுபோனால் எவ்வளவு பணம் திரும்பும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.