சின்னப்பிள்ளைகளோடு விஞ்ஞானப் புனைகதைக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு: ரிக்கெற் எடுக்க முதல் வாசியுங்கள்

யாழ் நகரில் திறந்த வெளியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு விஞ்ஞானப் புனைகதைக் கண்காட்சி நடத்தினார்கள். "உலகப் புகழ்பெற்ற ரீவித் தொடர்களில் பாவித்த ஒறிஜினல் பொருட்கள்" என்றும், "மூன்று வயதுப் பிள்ளையிலிருந்து எல்லாரும் பார்க்கலாம்" என்றும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இரண்டும் பொய். ஒறிஜினல் என்று சொல்ல ஒரு திருகாணிகூட உள்ளே இல்லை. மூன்று வயதுப் பிள்ளை நிற்கக்கூடிய இடமாகவும் அது இருக்கவில்லை. நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. இப்படியான கொட்டகைகள் ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறவை. பள்ளிக்கூட விடுமுறையோ நல்லூர்த் திருவிழாவோ தொடங்க அடுத்தது வந்து நிற்கும். அப்போது எதைப் பார்த்து ஆளைப் பிடிப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் காசு. வாசலில் பெரியவருக்கு 1500 ரூபா, பிள்ளைக்கு 1000 ரூபா. "5 வயதுக்குக் கீழே இலவசம்" என்று நோட்டீஸில் இருந்தது. வாசலுக்கு வந்தால் கணக்கு வயதில் இல்லை, உயரத்தில். பலகையில் 90 சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறி, பிள்ளையின் தலை அதற்கு மேலே தெரிந்தால் முழுக்காசு வாங்கினார்கள். மூன்று வயதிலேயே கனக்கப் பிள்ளைகள் அந்த உயரத்தைத் தாண்டிவிடும். உள்ளே போன பிறகு வீ.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடி போட 500, பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, பின்னணியைக் கணினியில் மாற்றிப் படம் எடுக்க 500, "விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறை"க்குள் கால் வைக்க இன்னொரு 500. நோட்டீஸில் பெரிதாக அச்சடித்திருந்ததே இந்த மூன்றின் படங்களைத்தான். அவற்றை விட்டால் மிச்சத்தைப் பார்த்து முடிக்கக் கால் மணித்தியாலம் போதும்.

இனி அந்த "ஒறிஜினல்". "ஸ்டார் ட்ரெக்" தொடரின் என்டர்பிரைஸ் விண்கலம் என்று ஒன்றரை மீற்றர் நீளமான மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "1966 படப்பிடிப்பில் பாவித்தது" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தொடருக்குப் பாவித்த பெரிய மாதிரி ஏறக்குறைய 3.4 மீற்றர் நீளமானது, பெரும்பகுதி மரம். 1974 இலிருந்து அது அமெரிக்காவில் ஸ்மித்சோனியனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அதற்கு முதல் செய்த சின்ன மாதிரி ஒரு மீற்றருக்கும் குறைவு. பல வருடம் காணாமல் போயிருந்து, 2024 இல்தான் தொடரை உருவாக்கியவரின் மகனிடம் திரும்பிச் சேர்ந்தது. ஒன்றரை மீற்றர் நீளத்தில் படப்பிடிப்பு மாதிரி ஒன்று வரவே வழியில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. பெரிய மாதிரிக்குள் எரியும் விளக்குகளுக்கான வயர்களை இடப்பக்கத்தால்தான் உள்ளே விட்டார்கள். அதனால் வலப்பக்கத்தை மட்டும் கமராவுக்குக் காட்டி, இடப்பக்கத்தை முடிக்காமலே விட்டிருந்தார்கள். கொட்டகையில் இருந்ததோ இரண்டு பக்கமும் ஒரே பளபளப்பு.

"டாக்டர் ஹூ" தொடரில் எதிரியாக வரும் இயந்திர உடம்புக்காரன் டாலெக் என்று நிறுத்தியிருந்ததும் அப்படித்தான். பிபிசியில் 1963 நவம்பர் 23 ஆம் திகதி தொடங்கிய தொடர் அது. டாலெக்குகள் அதே வருடம் டிசெம்பரில் வந்தன, வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். உள்ளே ஒரு ஆள் குந்தியிருந்து, கால்களால் நிலத்தை உந்தி நகர்த்துவார். ஆகவே படப்பிடிப்புக்குச் செய்த டாலெக் என்றால் அடியில் சில்லு இருக்கவேண்டும், ஆள் ஏறி இறங்க மேற்பகுதி கழரவேண்டும். குனிந்து கீழே பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே நின்றது ஒட்டுப்பலகையில் ஒட்டிய வெறுங்கூடு. கீழ்ப்பகுதியைச் சுற்றி 56 அரைக்கோளப் புடைப்புகள் வரவேண்டும், அதில் அரைவாசிகூட இல்லை. கிட்டப் போனால் உடம்பு முழுக்கத் தாள் அடுக்கினதுபோல மெல்லிய வரிகள். அது 3டி பிரின்ரரில் அடித்த பிளாஸ்ரிக்கின் அடையாளம். இந்த வேலைக்குக் கூடுதலாகப் பாவிக்கிற பீ.எல்.ஏ. பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். தகரக் கூரைச் சூட்டோடு விளக்கையும் கிட்ட வைத்ததால் டாலெக்கின் கண் தண்டு கீழே சரிந்து தொங்கியது.

முகமூடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தொடர்களின் வேற்றுக்கிரகவாசி முகமூடிகள் நுரை றப்பரில் செய்தவை. காலம் போகப் போகக் காய்ந்து, தொட்டாலே உதிரும். அப்படியானவற்றை அருங்காட்சியகங்கள் குளிரூட்டிய அறையில், ஈரப்பதனைக் கட்டுப்படுத்தி, மங்கல் வெளிச்சத்தில்தான் வைக்கும். எங்கள் வெக்கையிலும் உப்புக்காற்றிலும், பிரகாசமான லைற்றுக்குக் கீழே, பிள்ளைகள் தொட்டு விளையாட ஒருவரும் ஒறிஜினலைத் தொங்கவிட மாட்டார்கள். வாசலில் இதை ஒரு கேள்வியாகவே கேட்கலாம்: "எது எது ஒறிஜினல், யாரிடமிருந்து இரவல் வாங்கினது?" உண்மையான பொருளுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் பெயரும் வருடமும் எழுதியிருக்கும். நகல் வைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. இரசிகர்கள் மாதக்கணக்கில் இருந்து செய்கிற நகல்கள் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். நகலை நகல் என்று எழுதி வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

பெரிய கவலை வேறு. இந்தத் தொடர்களை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய விசயம், அதில் ஒன்றுகூட அங்கே இல்லை. என்டர்பிரைஸின் "தானியங்கி"க் கதவுகளைச் சுவருக்குப் பின்னால் நின்று ஆட்கள் இழுத்தார்கள். ஆட்கள் மினுங்கி மறைகிற காட்சிக்கு அலுமினியத் தூளை வெளிச்சத்தில் விழவிட்டுப் படம் பிடித்தார்கள். ஒரு கண்ணாடிச் சாடியும் ரோர்ச் லைற்றும் இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்கப்படுத்தலாம். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 இலிருந்து 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவருடைய படத்தைத் தொங்கவிட்டு, தொலைத்தொடர்புச் செய்மதி யோசனையை 1965 இல் சொன்னார் என்று எழுதியிருந்தார்கள். அவருடைய அந்தக் கட்டுரை வெளிவந்தது 1945 ஒக்ரோபரில். இந்த நாட்டில் நடக்கிற கண்காட்சியில் இதுகூடப் பிழை. விளக்கப் பலகைகளில் தமிழும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்கு வாசிக்க ஒரு வரி எழுதாமல் விட்டதை மன்னிக்க முடியாது.

இப்போது பிள்ளையின் உடம்பு. இதை வடிவாக வாசியுங்கள்.

உள்ளே வெட்டி வெட்டி மின்னும் விளக்குகள். செக்கனுக்கு 3 இலிருந்து 30 தடவை வரை மின்னும் வெளிச்சம், அந்த இயல்பு உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியது. 1997 டிசெம்பர் 16 ஆம் திகதி ஜப்பானில் "போக்கிமோன்" கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் செக்கனுக்கு 12 தடவை அளவில் மாறி மாறி மின்னியதால் அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் பலருக்கு முந்தி வலிப்பு வந்ததே இல்லை. அதனால் "எங்கட பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று இருக்க முடியாது. செக்கனுக்கு நாலு மின்னலுக்கு மேலே போகிற விளக்கு இருந்தால் வாசலிலேயே அறிவித்தல் போடவேண்டும். இங்கே இல்லை. கைத்தொலைபேசியில் ஸ்லோ மோஷனில் ஒரு செக்கன் படம் பிடித்து, திருப்பிப் போட்டு எண்ணினால் அளவு தெரியும். திடீரென்று மின்னத் தொடங்கினால் பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வாருங்கள். இரண்டு கண்ணையும் மூடச் சொன்னால் காணாது, இமையால் வெளிச்சம் உள்ளே போகும். வலிப்பு வந்துவிட்டால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வாய்க்குள் ஒன்றும் வைக்கவேண்டாம், கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதல்தரம் வந்த வலிப்பு என்றால் அதுவரையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே எடுங்கள்.

புகை இரண்டு விதம். இயந்திரப் புகை கிளைக்கோலும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி வருவது. தொய்வு உள்ள பிள்ளைக்கு இருமலைக் கிளப்பும், குழாய் வாய்க்குக் கீழே நிலம் வழுக்கும். மற்றது ட்ரை ஐஸ், உறைந்த காபனீரொட்சைட்டு. குளிர் சைபருக்குக் கீழே 78 பாகை. தொட்டால் தோல் பொசுங்கும். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் நிலத்தோடுதான் நிற்கும். பெரியவர் மூச்சு எடுக்கிற உயரத்துக்கு வராது, 90 சென்ரிமீற்றர் பிள்ளை நேராக அதற்குள் நிற்கும். தாய்க்கு ஒன்றும் தெரியாது, பிள்ளை தலையிடி என்று அழும், மூச்சு வேகமாக வாங்கும். இருட்டு வேண்டும் என்று இவர்கள் கொட்டகையின் பக்கத் துணிகளை எல்லாம் இறக்கிக் கட்டியிருந்தார்கள், காற்று வர வழியே இல்லை. போதாததற்கு ஜெனரேற்றரைக் கொட்டகையோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அதன் புகையில் வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அப்படி வைத்திருக்கக் கண்டால் உள்ளே போகவே வேண்டாம்.

சத்தத்தை அளக்க ஒரு சின்ன வழி: கை எட்டும் தூரத்தில் நிற்கிறவரோடு கதைக்கக் குரலை உயர்த்தவேண்டி வந்தால் ஏறக்குறைய 85 டெசிபெலைத் தாண்டிவிட்டது. அங்கே கத்தினாலும் கேட்காது. அதற்கு நடுவில் முகமூடி போட்ட ஒருவர் இருட்டுக்குள்ளிருந்து பாய்ந்தார். நாலு வயதுப் பிள்ளைக்கு அது வேஷம் என்று விளங்காது. போவதென்றால் வீட்டிலேயே ஆயத்தம் செய்யுங்கள். டாலெக்கின் கரகரத்த குரல், ஆளின் குரலை 30 ஹேட்ஸ் அலையோடு கலந்து எடுத்தது. மேசை ஃபானுக்கு முன்னால் நின்று கதைத்தால் கிட்டத்தட்ட அப்படிக் கேட்கும். பிள்ளையையும் கதைக்க விடுங்கள். தானே போட்ட சத்தத்துக்குப் பிள்ளை பயப்படாது.

வீ.ஆர். கண்ணாடிக்கு 500 ரூபாவைக் கொடுக்கவே வேண்டாம். மெற்றா நிறுவனம் தன்னுடைய கண்ணாடிக்கு 10 வயது என்றும், சோனி 12 வயது என்றும் எல்லை வைத்திருக்கின்றன. இங்கே நாலு வயதுக்கும் மாட்டிவிட்டார்கள். சின்னப்பிள்ளையின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் 50 மில்லிமீற்றர் அளவுதான் வரும். மெற்றாவின் குவெஸ்ற் 2 கண்ணாடியின் வில்லைகளை 58 மில்லிமீற்றருக்குக் குறைவாக நெருக்க முடியாது. பிள்ளைக்குப் படம் கலங்கித் தெரியும், தலை சுற்றும், சத்தி வரும். முகத்தில் படுகிற ஸ்பொஞ்சை ஒருவருக்கும் துடைக்கவில்லை. கண்நோய் இப்படிக் கைமாறலாம்.

பச்சைத் துணிப் படமும் உதவாது. துணி சுருக்கமில்லாமல் இழுபட்டு, தனியான விளக்கில் ஒரே சீராகத் தெரியவேண்டும். பிள்ளை அதிலிருந்து ஒன்றரை மீற்றராவது முன்னுக்கு நிற்கவேண்டும். ஒட்டி நின்றால் நிழல் விழும், தலைமயிர் விளிம்பில் பச்சை பிடிக்கும். பச்சைச் சட்டை போட்ட பிள்ளைக்கு உடம்பே காணாமல் போகும். படத்தைத் திரையில் பார்த்த பிறகுதான் காசு என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆக, போகிறவர்கள் ஒரு பெரியவர் மட்டும் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவர முடியுமா என்று கேளுங்கள். நல்ல கண்காட்சி மறுக்காது. குந்தி, பிள்ளையின் கண் உயரத்தில் இருந்து பாருங்கள்: எல்லாம் பெரியவர் உயரத்தில் வைத்திருந்தால் பிள்ளைக்குத் தெரியப்போவது பெட்டியின் பலகைதான். வெளியேறும் வழி இரண்டு இருக்கவேண்டும். நிலத்தில் ஓடுகிற வயர்கள் மூடியிருக்கவேண்டும். மத்தியான வெயிலில் தகரக் கொட்டகைக்குள் போகவேண்டாம்.

ரிக்கெற்றில் உள்ளூராட்சி சபையின் கேளிக்கை வரி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கொட்டகையில் கொடுத்தது முத்திரையும் இல்லாத, தொடரிலக்கமும் இல்லாத வெறும் துண்டு. அப்படி இருந்தால் மாநகர சபைக்கு அறிவியுங்கள். காசு கட்டியதற்கு பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். நோட்டீஸையும், உள்ளே "ஒறிஜினல்" என்று எழுதியிருக்கிற பலகையையும், பொருளையும் படம் எடுத்து வையுங்கள். ஏமாற்றும் விதமாக வியாபாரம் செய்வதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் கச்சேரியில் விசாரியுங்கள், தொலைபேசி என்றால் 1977. கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போக முதல் கொடுத்தால்தான் அதிகாரிகள் வந்து பார்க்க முடியும். அதனால் அடுத்த நாள் காலையிலேயே போங்கள்.