இஜிஎஃப்ஆர் நுரையீரல் புற்றுநோய்: மாத்திரை மட்டும் போதுமா, கீமோவும் வேண்டுமா?

நான்காம் நிலை (பரவிய நிலை), அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று பயாப்சி சொன்னதுமே வீட்டில் எல்லாருக்கும் பதற்றம். அந்தப் பதற்றத்தில் மரபணு ரிப்போர்ட் வருமுன் இம்யூனோதெரபி ஊசி (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து) போட்டுவிடக் கூடாது. இஜிஎஃப்ஆர் மாற்றம் (புற்றணுக்களை வளரத் தூண்டும் மரபணு மாற்றம்) இருப்பது பின்னால் தெரிந்து, அதைத் தடுக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால், நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது.

ரிப்போர்ட்டில் அந்த மாற்றம் இருந்தால், விலை குறைந்த வழி அதே வகை மாத்திரையான ஜெஃபிடினிப், தினம் 250 மில்லிகிராம். முகப்பரு போன்ற தடிப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். கல்லீரல் என்சைம்களும் ஏறலாம். பலர் கவனிக்காதது, காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை. வயிற்றில் அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப் சரியாகக் கரையாது. மாத்திரை தவறாமல் போட்டும் ரத்தத்தில் மருந்து போதாமல் போகும். ஓசிமெர்டினிபுக்கு (தினம் 80 மில்லிகிராம்) இந்தத் தொல்லை இல்லை. மூளைக்குள்ளும் அது நன்றாகப் போய்ச் சேரும்.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 350 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப்பேருக்கு இதைவிட அதிகம், பாதிப்பேருக்குக் குறைவு) 8 மாதம். பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோவும் சேர்த்தவர்களுக்கு 16 மாதம். கடுமையான பக்கவிளைவு மட்டும் 25 சதவீதத்திலிருந்து 51 ஆனது. ஓசிமெர்டினிப் தனியாக, வேறோர் ஆய்வில், 18.9 மாதம் தந்தது. அதனால் ஜெஃபிடினிப்–கீமோ கூட்டை ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று நினைப்பது தவறு.

ஆனால் அதற்கு முன்னேற்பாடு வேண்டும். முதல் டிரிப்ஸுக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலம் தினமும் தொடங்கி, பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் போட வேண்டும். பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை. இதைத் தவறவிட்டால் வெள்ளணுக்கள் சரியும், வாய் புண்ணாகும். சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 45க்குக் கீழே போனால் பெமெட்ரெக்செட் கூடாது. கீமோவுக்குப் பின் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூளையில் பரவியிருந்து, செலவும் தாங்குமானால் எங்கள் தேர்வு ஓசிமெர்டினிப். உடம்பில் தெம்பிருந்தால் அதனுடனும் கீமோ சேர்க்கலாம். பணம் இடிக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் ஜெஃபிடினிப்–கீமோ. தளர்ந்த முதியவர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்துபோக முடியாதவர் என்றால் மாத்திரை மட்டும் போதும்.

ஜெஃபிடினிப் ஒருநாள் வேலை செய்யாமல் போகும். அப்போது டி790எம் (ஜெஃபிடினிபுக்குக் கட்டுப்படாமல் செய்யும் இஜிஎஃப்ஆர் மாற்றம்) இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம், ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருக்கும். இருந்தால் ஓசிமெர்டினிப் கேட்கும். ரத்தத்தில் தெரியவில்லை என்றால் மறு பயாப்சியும் செய்துவிடுங்கள்.