பாங்காக்கா, சியாங் மாயா? அவசரமில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு

தாய்லாந்துக்கு முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களுக்கு வருகிற முதல் குழப்பம் இதுதான்: கையில் இருக்கிற நாட்களை பாங்காக்கில் கழிப்பதா, வடக்கே சியாங் மாய் போய்விடுவதா? கடற்கரைப் பக்கத்தை இதில் சேர்க்கவில்லை, அது வேறு கணக்கு. நல்ல சாப்பாடு, கோயில், ஓய்வு மூன்றும் வேண்டும், ஓடி ஓடிப் பார்க்கிற வேலையே வேண்டாம் என்றால் என் ஓட்டு சியாங் மாய்க்குத்தான். ஒரு பருவத்தில் மட்டும் மாற்றிப் போடுவேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முக்கியக் காரணம் ஊரின் அளவு. 1296ல் மங்ராய் மன்னர் உருவாக்கிய பழைய நகரம், சுற்றிலும் அகழியோடு, பக்கத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரம். அதற்குள் அறை எடுத்துவிட்டால் காலைக் காபி, கோயில், மதியச் சாப்பாடு, மசாஜ் எல்லாமே நடக்கிற தூரம்தான். வெயில் ஏறினால் அறைக்கு வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி கிளம்பலாம். பாங்காக்கில் அது முடியாது, காலையில் வெளியே வந்தால் திரும்ப இரவாகிவிடும். மேம்பாலத்தில் ஓடும் ஸ்கைட்ரெயின் அருமையாக ஓடுகிறது, ஆனால் முதுகுப்பைக்காரர்கள் தங்குகிற காவ் சான் சாலைக்கு அது வருவதில்லை. அங்கே தங்கினால் ஆற்றுப் படகுதான் கைகொடுக்கும்: ஆரஞ்சுக் கொடி கட்டிய சாவ் பிரயா படகில் ஏறி, காற்று வாங்கிக்கொண்டே வாட் அருண் வரை (‘வாட்’ என்றால் கோயில்) போகலாம், அந்த நகரத்தில் எனக்கு மிகப் பிடித்த பயணம் அதுதான்.

கோயில்களில் பிரம்மாண்டம் வேண்டுமென்றால் பாங்காக்கை அடிக்க முடியாது. வாட் போவில் சயனித்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்களைப் பார்த்துவிட்டு முதுகுப்பக்கம் வந்தால், சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டபடி மக்கள் நகர்கிறார்கள், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்தக் ‘கிணிங் கிணிங்’ சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அரண்மனை வளாகத்துக்கு 500 பாட், வாட் போவுக்கு 300, வாட் அருணுக்கு 200, ஆக மூன்றுக்கும் சேர்த்து ஆயிரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரகத புத்தரை அரண்மனைக் கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பார்க்க வேண்டும். அதே சிலை 15ஆம் நூற்றாண்டில் சியாங் மாயின் வாட் செடி லுவாங்கில் இருந்தது. 1545 நிலநடுக்கத்தில் அந்தக் கோயில் கோபுரத்தின் உச்சி சரிந்துவிட்டது, இன்றும் மொட்டையாகத்தான் நிற்கிறது. ஆனால் சாயங்காலம் அதன் எதிரே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். இளம் பிக்குகளோடு பேச அங்கே தனியாக மேசை போட்டிருக்கிறார்கள், நம்மிடம் ஆங்கிலம் பேசிப் பழகிக்கொள்கிறார்கள், நாமும் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்கலாம். தோய் சுதேப் மலைக்கோயிலுக்கு சிவப்பு சோங்தேவில் (பலர் சேர்ந்து ஏறும் வண்டி) காலையிலேயே போய்விடுங்கள், நாகங்கள் காவல் நிற்கும் 306 படிகளை வெயிலுக்கு முன் ஏறுவது நல்லது.

தமிழர்களுக்கு மட்டும் பாங்காக்கில் ஒரு கூடுதல் ஈர்ப்பு உண்டு. சிலோம் சாலையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய்லாந்துக்காரர்கள் பக்தியோடு மாலை வாங்கிச் சார்த்துகிறார்கள். ராட்சத ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உள்ள தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலின் பிராமணர்கள் மார்கழி, தை வாக்கில் நடத்தும் சடங்கில் திருவெம்பாவை இன்னும் ஓதப்படுகிறது. சியாங் மாயில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

சாப்பாட்டில் எண்ணிக்கைக்கு பாங்காக், அதில் சந்தேகமே இல்லை. யாவ்ராட் சீனத் தெருவில் இரவு ஒரு சுற்று வந்தால் போதும். ஆனால் திரும்பத் திரும்பச் சாப்பிடத் தோன்றுவது எனக்கு சியாங் மாயின் காவ் சோய்தான். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், ஒரு கோழிக்கால், மேலே அதே நூடுல்ஸ் மொறுமொறுவென்று பொரித்து ஒரு பிடி. பக்கத்தில் சின்னத் தட்டில் புளிக்க வைத்த கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சை. எலுமிச்சையைப் பிழிந்து, வறுத்த மிளகாய் விழுதையும் கொஞ்சம் கலக்கினால் நம் நாக்குக்குச் சரியாக உட்காரும். நல்ல கடைகள் பல பிற்பகலிலேயே மூடிவிடும், இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

சைவக்காரர்களுக்கு எந்த ஊரானாலும் மீன் சாஸ் ஒரு தொல்லை, காய்கறி வதக்கலில்கூட ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்புத் தாய் எழுத்தில் ‘ஜே’ (சுத்த சைவம்) என்று போட்ட கடையைத் தேடுங்கள். சியாங் மாயின் பழைய நகரத்திலேயே சைவக் கடைகள் நிறைய இருப்பதால் அங்கே அலைச்சல் குறைவு.

மசாஜுக்கு வாட் போவின் பள்ளி பெயர்பெற்றது. சியாங் மாயில் விடுதலையாகப் போகும் பெண் கைதிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் மையத்தில் செய்துகொள்ளுங்கள் என்பேன், காசு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது.

சரி, அந்தப் பருவ விஷயம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கில் வயல்களையும் காடுகளையும் எரிக்கிற புகை சியாங் மாயின் மேல் அப்படியே தங்கிவிடும், தோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் அப்போது அந்தப் பக்கமே போக வேண்டாம். பாங்காக்கிலேயே ஆற்றுக்கு அக்கரை தொன்புரிப் பக்கம் அறை எடுத்து, கால்வாய்ப் படகும் கோயிலுமாக இருந்துவிடலாம்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம். பாங்காக்கில் ஆசைக்கு ஓரிரு நாள் இருந்துவிட்டு, மாலையில் குருங் தேப் அபிவாட் நிலையத்தில் படுக்கை ரயில் ஏறினால் காலையில் சியாங் மாய். கீழ்ப்படுக்கை அகலமாகவும் ஜன்னலோடும் இருக்கும், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் பதிவு செய்துவிடுங்கள்.